ஒரே சஹனில் இரண்டு நாக்கு

மகன், உனக்கு என் ஸலாம். நீ முன்னறையில் ஃபேனை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். நமக்கு நடுவில் ஒரு சுவர்தான். எழும்பி வந்து நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போயிற்று. நான் எதைச் சொன்னாலும் "ஓம் உம்மா" என்கிறாய். அடுத்த வார்த்தை "சோத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் போடுங்க" என்று வருகிறது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். நீ செவிடன்கூட இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். எழுத்தாக இருந்தால் நடுவில் புகுந்து சோறு கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் உன் தங்கச்சி ரிஸ்னாவிடம் கொடுத்து, படம் பிடித்து நம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லப் போகிறேன். முகத்தைச் சுளிக்காதே. "சிபானாவுக்குச் சோறு கறி ஆக்கத் தெரியாது" என்று நீ சொன்னது உன் மாமாமார், பெரியும்மா, சாச்சி என்று எல்லோர் காதுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கலியாண வீட்டிலும் சந்தையிலும் என்னைக் கண்டால் "என்னகா, மருமகள் இன்னும் பழகல்லியா?" என்று சிரிக்கிறார்கள். உன் பெண்சாதியின் குறையை ஊரறியச் சொல்லிவிட்டு, அது குறையே இல்லை என்பதை மட்டும் அறைக்குள் வைத்துக் குசுகுசுப்பது நியாயமில்லை. சிபானாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அவளும் வாசிக்கட்டும்.

காத்தான்குடியில் பிறந்த உனக்கு நம் வழக்கத்தை நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் நீ மறந்துவிட்ட மாதிரித் தெரிவதால் சொல்கிறேன். நம்மிடத்தில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைக்கு மாமி ஆக்கிப் போடுவாள், மாமிக்குப் பிறகு பெண்சாதி ஆக்கிப் போடுவாள். மாப்பிள்ளை தன் உம்மா வீட்டுக்கு வந்து போகலாம், ஒரு பிளேன்டீ குடிக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு வந்து நோன்புக்கு முன்னிருந்து மூன்று வேளையும் இங்கேயே தின்றுகொண்டிருந்தால் அதற்கு ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்கிறது. உனக்கு அது தெரியும். தெரிந்தும் "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாய். பெருநாளும் முடிந்து, அதற்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பும் முடிந்துவிட்டது. உன் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ கால் நீட்டிப் படுத்திருக்கிற இந்த வீடும் ரிஸ்னாவுக்கு எழுதின வீடு. அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னறையில் உன்னைத்தான் முதலில் காட்ட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? போன ஹஜ்ஜுப் பெருநாளன்று நாம் நாலு பேரும் இதே வீட்டில் ஒரே சஹனில் இருந்து சாப்பிட்டோம். நீ, சிபானா, ரிஸ்னா, நான். ஒரு பெரிய தட்டு, ஒரே சோறு, ஒரே இறைச்சி, நடுவில் ஒரே புளியாணம். ஆக்கியது நான். பிரஷர்க்காரியாக இருந்தாலும் பெருநாள் என்று பார்த்து, உன் ருசிக்கு ஆக்கியிருந்தேன். நீ இரண்டு கவளம் தின்றுவிட்டு உப்புக் கேட்டாய். உனக்குப் பக்கத்தில் உன் தோளோடு தோள் இடிக்க இருந்த சிபானா அதற்குள் மூன்றாவது தடவை தண்ணீர் குடித்துவிட்டாள், கண் கலங்கிவிட்டது. மாமி வீட்டுச் சாப்பாட்டில் குறை சொல்லக்கூடாது என்று பேசாமல் விழுங்கினாள். வேறு பிளேட், வேறு சட்டி என்றால் ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். இங்கே உன் விரல் போன இடத்தில் அவள் விரலும் போயிற்று. உனக்குச் சப்பென்று இருந்தது அவளுக்குக் கரித்தது. அப்போதுதான் எனக்கு முதல் முதலாக உறைத்தது, பிழை சட்டியில் இல்லை, நாக்கில் இருக்கிறது என்று. உனக்கு உறைக்கவில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழமொழி சொல்லிச் சிரித்தாய்.

ரிஸ்னா சயன்ஸ் ரீச்சர் என்பதால் இந்த விஷயம் அவள் மனதில் கிடந்திருக்கிறது. அடுத்த தவணையில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று பாடசாலைக்கு வந்த பேப்பர் துண்டுகளில் சிலதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஏதோ ஒரு பொருளில் நனைத்துக் காயவைத்த வெள்ளைப் பேப்பர். நாக்கில் வைத்தால் சிலருக்குக் கசக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது, அது தாய் தகப்பனிடமிருந்து வருகிற மரபணுவைப் பொறுத்தது என்றாள். நான் வைத்துப் பார்த்தேன், பேப்பர்தான். நீ வைத்தாய், மென்று விழுங்கப் பார்த்தாய், ஒன்றுமில்லை. ரிஸ்னாவுக்குக் கொஞ்சம் கசந்தது. சிபானா நாக்கில் வைத்தவள் வைத்த கையோடு பைப்படிக்கு ஓடினாள். வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து, ஓங்களித்து, முகம் சிவந்து வந்து நின்றாள். நீ சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னாயே, அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

"நல்லா நடிக்கிறா."

அந்தப் பிள்ளை சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருக்கிறாள். நான் ஏதோ பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இருவரும் சண்டை பிடித்திருக்கிறீர்கள். அடுத்த கிழமை உன் பை இங்கே வந்து சேர்ந்தது.

நடிப்பு இல்லை என்று ரிஸ்னா உனக்கு எத்தனை தரம் விளங்கப்படுத்தினாள். குழுவில் இருக்கிற மற்றவர்கள் இதை ஒரு தரம் கேட்டாலே போதும் என்பதால் இங்கே திரும்பவும் எழுதுகிறேன். கண் நிறம் பிறப்பில் வருகிற மாதிரி, கசப்பை அறிகிற சக்தியும் பிறப்பில் வருகிறது. எனக்கும் என் கூடப்பிறந்தவர்களுக்கும் அது இல்லை. எங்கள் உம்மா வீட்டில் பாகற்காயைப் பச்சையாக அரிந்து வெங்காயம் போட்டுத் தின்போம். உன் வாப்பா பாவம், இருந்த காலத்தில் பாகற்காய்ச் சட்டியைக் கண்டாலே அசர் தொழப் போகிற நேரத்துக்கு முன்னமே பள்ளிக்குப் போய்விடுவார். மரக்கறி தின்னத் தெரியாத மனிசன் என்று நான் அவரைப் பரிகாசம் பண்ணியிருக்கிறேன். ரிஸ்னா சின்னதில் வல்லாரைச் சுண்டலைத் துப்பியதற்கு அவள் தொடையில் கிள்ளியிருக்கிறேன். இப்போது பார்த்தால் அவளுக்கு வாய்த்தது வாப்பாவின் நாக்கு. உனக்கு வாய்த்தது என் நாக்கு. கசப்பு கூடுதலாகத் தெரிகிற சிலருக்கு உப்பும் உறைப்பும்கூட மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியுமாம். எல்லோருக்கும் அப்படி இல்லை என்றும் ரிஸ்னா சொன்னாள். சிபானாவுக்கு அப்படித்தான். அந்தப் பிள்ளை தன் நாக்குக்கு அளவாக உப்புப் போடுகிறாள். குருடனுக்கு விளக்கு மங்கல் என்றால் விளக்கேற்றினவள் என்ன செய்வாள்?

இதைச் சொன்னபோது நீ புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டாய். பிறப்பில் வந்த நாக்கு என்றால் என் பிழை என்ன, நீங்கள்தானே தந்தீர்கள் என்றாய். என் தலையில் போட்டுவிட்டு எழும்பிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாய். மகன், அதே நாக்கு உன் சின்ன மாமாவுக்கும் இருக்கிறது. அவன் பேப்பரை இரண்டு தரம் நக்கிவிட்டு இன்னொன்று தரச் சொன்னவன். அவன் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறான், தன் மாமி ஆக்கிப் போட்டதைத் தின்று இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறான். நாக்கைத் தந்தது நான் என்று வைத்துக்கொள். தொப்பையையும் நானா தந்தேன்?

நீ கட்டாருக்குப் போன அன்று எயார்போட்டில் எடுத்த போட்டோ அலுமாரியில் இருக்கிறது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுத்தான் கால்சட்டை நின்றது. அங்கே கடையில் கதிரையில் இருந்து வேலை, கூடவே குடிப்பதற்குச் சோடா, பசித்தால் பாதி விலையில் பொரித்த கோழி. திரும்பி வந்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த வேனின் கதவு உனக்குச் சின்னதாக இருந்தது. நான் பூரித்துப்போய் என் பிள்ளை தேறி வந்திருக்கிறான் என்று ஊருக்குச் சொன்னேன். பிறகுதான் கவனித்தேன். போகுமுன் ஒரு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தவன் மூன்று கரண்டி போட்டும் "இனிப்பு காணாது" என்றாய். ஊரில் வந்து துணிக்கடை போட்டாய், அங்கேயும் கதிரைதான். உடம்பில் கொழுப்பு கூடும்போது சிலருக்கு நாக்கில் இருக்கிற சுவை மொட்டுகள் மங்கிப்போகும் என்கிறாள் ரிஸ்னா. அந்த மொட்டுகள் நகம் முடி மாதிரி விழுந்து விழுந்து புதிதாக முளைக்க வேண்டியவை. உடம்பு பருத்தால் அந்த முளைப்பு குறைகிறதாம். ருசி குறைந்தால் ருசி தேடி இன்னும் சீனி, இன்னும் உப்பு, இன்னும் எண்ணெய். அதனால் இன்னும் உடம்பு. எது முந்தி எது பிந்தி என்று படித்தவர்களே அறுதியாகச் சொல்லவில்லையாம். அது எனக்குத் தேவையும் இல்லை. கிளினிக்கில் டொக்டர் உன் சீனியைப் பார்த்துவிட்டு உடம்பு நிறையைக் குறைக்கச் சொன்னார் என்பது எனக்குப் போதும். நீ அந்த டொக்டருக்கும் "ஓம்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தாய். வரும் வழியில் கொத்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்தாய்.

நாக்கை மாற்ற முடியாது என்கிறாயே, என்னைப் பார். எனக்குப் பிரஷர் கூடினபோது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். முதல் கிழமை சோறு வாயில் போகவில்லை, ஆணம் என்ற பெயரில் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி இருந்தது. கோபத்தில் ரிஸ்னா மேல் எரிந்து விழுந்தேன். இரண்டு மூன்று மாதம் போக, ஒருநாள் பக்கத்து வீட்டார் தந்த கருவாட்டுப் பொரியலை வாயில் வைத்தேன், கரித்துத் துப்பிவிட்டேன். கசப்பை அறியாத இதே நாக்குத்தான். பிறப்பில் வந்தது ஒரு பங்கு, பழக்கத்தில் வந்தது ஒரு பங்கு. இந்த வீட்டில் நானும் ரிஸ்னாவும் அன்றிலிருந்து கொஞ்ச உப்புத்தான் தின்கிறோம். உனக்கு அது தெரியாது. ஏன் தெரியாது என்றால், நீ வந்தால் உன் ஆணத்தை நான் தனிச் சட்டியில் ஆக்கினேன். நீ வாயில் வைத்து "உம்மாட கை உம்மாட கைதான்" என்றாயே, அந்த ஆணத்தை உம்மாவால் தின்ன முடியாது.

அதோடு நிற்கவும் இல்லை. நீ பையோடு வருவதற்கு முன்னமே, உன் கடைக்குப் பகல் சாப்பாடு சிபானா அனுப்புவாள் என்று தெரிந்தும், ஒரு கரியரில் ஆணம் போட்டு அனுப்பினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நீ மறதியில் அந்தக் கரியரை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாய். மாப்பிள்ளைக்கு அவன் உம்மா கள்ளத்தனமாகச் சோறு அனுப்புகிறாள் என்பதைவிட ஒரு மாமிக்கு என்ன கேவலம் வேண்டும்? சிபானாவின் உம்மா கரியரைக் கழுவி, வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அதில் வட்டிலப்பம் வைத்து அனுப்பியிருந்தார். அந்த வட்டிலப்பத்தை நீதான் முழுதாகத் தின்றாய். இனிப்புக் காணாது என்றும் சொன்னாய்.

நீ வந்து தங்கின பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். உன்னோடு பேசிப் பயனில்லை என்று, உன் நாக்கோடு நேரே பேசத் தொடங்கினேன். நோன்பு தொடங்கிய நாளிலிருந்து உன் சட்டியில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கஞ்சியிலும் குறைத்தேன், தேத்தண்ணியில் சீனியையும் குறைத்தேன். ஒருநாள் மட்டும் "என்ன உம்மா, உப்பு மறந்திட்டீங்களா?" என்றாய். நோன்போடு ருசி பார்க்க ஏலுமா என்றேன், அதற்குமேல் நீ கேட்கவில்லை. பெருநாள் வந்தபோது நாம் மூன்று பேரும் ஒரே சட்டியில் தின்றோம். உனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பகல் முழுக்கப் பட்டினி கிடந்ததால் சேர்ட் கொஞ்சம் தொளதொளத்தது, அதற்கு மட்டும் பெருமைப்பட்டாய்.

முந்தாநாள் சிபானாவின் வாப்பா வந்தார். நீ கடையில் இருந்தாய். அவர் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் தொப்பியைக் கையில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பிள்ளைக்கு ஆக்கத் தெரியாதெண்டா நான் ஆள் வெச்சி ஆக்கித் தாறன். மருமகன்ட மனசில வேற ஏதும் இரிக்கிண்டா, அதயும் சொல்லிடுங்க. பள்ளிவாசல்ல வெச்சிப் பேசி முடிச்சிக்கொள்ளுவம்." பேசி முடிப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். உப்புக்காக ஒரு கலியாணத்தை முறிக்கப் பார்க்கிறாய், மகன். எனக்கு அந்த மனிசனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பிள்ளைக்கு வேறொன்றும் மனதில் இல்லை, நாக்குத்தான் பிழை என்று எப்படிச் சொல்வேன்? இரண்டு நாள் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன்.

அவர் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்றுக் காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு நடந்தே உன் வீட்டுக்குப் போனேன். ஓம், உன் வீடுதான். சிபானா ஆற்றுக் கொடுவா மீனை மாங்காய் போட்டு ஆக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்துபோய் இருக்கிறாள். என்னைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டாள், உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பிரஷர் செக் பண்ணினீர்களா என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அந்தப் பேப்பர் விஷயத்தில் நான் வாய் திறந்திருக்க வேணும் என்று அவளிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே "பரவால்ல மாமி" என்றாள். பரவாயில்லாத விஷயத்துக்கு யாரும் அப்படி அடுப்பைப் பார்ப்பதில்லை. வரும்போது ஒரு கிண்ணத்தில் அந்த ஆணத்தை ஊற்றி மூடித் தந்தாள். தந்துவிட்டு வாசல்வரைக்கும் வந்து சொன்னாள்.

"நான் ஆக்கினெண்டு சொல்லாதீங்க மாமி. சொன்னா உப்புக் கேப்பாரு."

நான் அதற்கு ஓம் என்று சொல்லவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன். நேற்றுப் பகல் நீ மூன்று தரம் சோறு போட்டுத் தின்று, விரலை நக்கி, கிண்ணத்தைச் சரித்து வழித்து, "உம்மா, இப்பிடி ஆணம் ஊர்ல யாரு ஆக்குவா" என்று கேட்டாயே, அதற்கு நான் நேற்றுப் பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. யார் ஆக்குவாள் என்று இப்போது உனக்கும் தெரியும், இந்தக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவளுடைய கை மாறவில்லை. உன் நாக்கும் கெட்டுப்போகவில்லை, நீ அதைப் பாழாக்கி வைத்திருந்தாய், அது திரும்பி வந்துகொண்டிருக்கிறது. மிச்சத்தையும் கொண்டுவருவது உன் பாடு. நிறையைக் குறை, ஆற்றங்கரையில் நட, சீனியை விடு. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரிகிற கசப்பு உனக்குத் தெரியப்போவதில்லை. தெரியாததை இல்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும். அவளுக்குக் கசக்கிறது என்றால் கசக்கிறது.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் "என்ன ஆணம் உம்மா?" என்று கேட்டுக்கொண்டு குசினிக்கு வருவாய். இன்றைக்கு இரண்டு பேருக்குத்தான் அரிசி களைந்திருக்கிறேன், எனக்கும் ரிஸ்னாவுக்கும். உன் பை வாசலில் இருக்கிறது. அதற்குமேல் சிபானாவின் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நமக்கு இல்லை. வைத்து அனுப்ப இன்றைக்கு என்னிடம் உன்னைத் தவிர வேறொன்றும் இல்லை. எடுத்துக்கொண்டு போ, மகன்.

உன் உம்மா